நடுக்கதவின் இரண்டாவது சாவி

அந்த ஊரில் யாரிடமும் சூறாவளியைப் பற்றி வாயைத் திறந்துவிடக் கூடாது. திறந்தால் அன்றைய பொழுது அதோடு போச்சு. ஆளுக்கொரு புயல் வைத்திருக்கிறார்கள். மளிகைக் கடைக்காரரின் புயலில் அவர் ஒற்றை ஆளாக நின்று கடை ஷட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த ஷட்டர் மறுநாள் மூன்று தெரு தள்ளி ஒரு மரத்தில் தொங்கியதை மட்டும் சொல்ல மாட்டார். தபால்காரரின் புயலில் ஒரு பசு பறந்தது. வருஷத்துக்கு வருஷம் அது இன்னும் கொஞ்சம் உயரமாகப் பறக்கிறது. போன வருஷத்திலிருந்து கன்றுக்குட்டியும் கூடவே பறக்கிறது.

கண்டக்டரம்மாவின் புயலில் ஆடு மாடெல்லாம் பறக்காது. ஒரு பூட்டு, ஒரு சாவி, இரண்டு அசட்டு ஆண்பிள்ளைகள், அவ்வளவுதான். நானும் அதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். கேட்ட மாதிரியே சொல்கிறேன்.

பஸ் கண்டக்டராக அவள் ஓட்டிய காலம் பெரிது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும், ஆனால் ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. நல்ல கனத்த சாரீரம். படிக்கட்டில் தொங்குகிற வாலிபர்களை, "உள்ள வாங்க ராசா, உள்ளயும் அதே பஸ்தான்" என்று ஒரு அதட்டு அதட்டினால் போதும், பூனைக்குட்டியாக உள்ளே வந்துவிடுவார்கள். மனதில் பட்டதைச் சொல்லாவிட்டால் அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. இப்படிப்பட்ட வாய் ஒன்பது வருஷம் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியது என்றால், அது சூறாவளியைவிடப் பெரிய அதிசயம்.

அவள் புருஷன் பூட்டுக்காரர். அவருடைய அப்பாவும் பூட்டுக்காரர். அண்ணனும் பூட்டுக்காரர். வீட்டை மாமனார் நீளமாகக் கட்டியிருந்தார். ஒரு வாசல் கடைத்தெருவில், மறு வாசல் பின்தெருவில். இரண்டு பையன்களுக்கும் கல்யாணமானதும் நடுவில் ஒரு சுவரை எழுப்பி, அதில் ஒரு கனத்த மரக்கதவை வைத்தார். கடைத்தெருப் பக்கம் காங்கிரீட் கூரையோடு பெரியவருக்கு. பின்தெருப் பக்கம் தகரக் கூரையோடு சின்னவருக்கு. அவரவர் வாசலில் அவரவர் பூட்டுக் கடை. நடுக்கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். அரம் வேண்டுமென்றால் இவர் அங்கே போவார், டீ வேண்டுமென்றால் அவர் இங்கே வருவார்.

கெட்டது ஒரு டீயில். சின்னவரிடம் பாங்கு மேனேஜர் ஒருவர் பூட்டு வாங்க வந்திருந்தார். சின்னவர் ஒரு பூட்டை எடுத்து வைத்து அதன் பெருமையை அளந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பெரியவர் கையில் டீ டம்ளரோடு நடுக்கதவு வழியாக வந்தார். பூட்டைப் பார்த்தார்.

"அதுவா? பூனை நகத்த விட்டாலே திறந்துக்கும் சார்."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். மேனேஜர் சிரிக்காமல் இருந்திருந்தால் அத்தோடு போயிருக்கும். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். போதாக்குறைக்குப் பூட்டை வாங்கவும் இல்லை.

சின்னவர் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு வாரம் சோறு தண்ணி நினைவில்லை. வெளியே வந்தபோது கையில் ஏழு லீவர் பூட்டு ஒன்று இருந்தது. வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்றை அவர் செய்ததில்லை. நடுக்கதவில் அதைப் பதித்தார். பூட்டினார். தெருவையே கூட்டி வைத்துக்கொண்டு சாவியைக் கால்வாயில் வீசினார். "கூட்டிட்டு வாங்கடா அந்தப் பூனைய!" என்று ஒரு கூச்சல் வேறு. அந்தப் பக்கத்தில் உடனே சுத்தியல் சத்தம் கேட்டது. பெரியவர் தன் பங்குக்கு ஒரு தாழ்ப்பாள் அடித்துக்கொண்டிருந்தார். தம்பி பூட்டிய கதவுக்கு அண்ணன் தாழ் போடாவிட்டால் மானம் என்னாவது?

இதில் இரண்டு பேருமே ஒன்றை மறந்துவிட்டார்கள். அவர்கள் அப்பா சொல்லிக்கொடுத்த தொழிலில் ஒற்றைச் சாவி என்பதே கிடையாது. பூட்டு உருவாகும்போதே இரண்டு சாவியையும் ஒன்றாக வைத்து அரத்தால் ராவிவிட வேண்டும். ரோஷத்தில் செய்தாலும் பழகின கை பழகின கைதானே? இரண்டாவது சாவி பட்டறையில் காலண்டருக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தூசி தட்டப் போன கண்டக்டரம்மாவின் கண்ணில் அது பட்டது.

அவள் அதை எடுத்ததற்குக் குடும்பம் ஒன்றுசேர வேண்டும் என்பது போன்ற உயர்ந்த காரணமெல்லாம் ஒன்றும் இல்லை. கதவு பூட்டின அன்று அவளும், பெரியவர் பொண்டாட்டியான ஓரகத்தியும் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். "மூலை வீட்டு டாக்டர் பொண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போகலையாம்டி, தெரியுமா?" என்று ஓரகத்தி ஆரம்பித்த நேரத்தில்தான் சின்னவர் பூட்டோடு வந்து நின்றார். பின்னே எங்கேதான் போனாள்? அந்தக் கேள்வி கண்டக்டரம்மாவை ஒரு வாரம் தூங்க விடவில்லை. தெரு வழியாகச் சுற்றிப் போகலாமென்றால் இரண்டு கடை வாசலையும் தாண்ட வேண்டும். ஆகவே ஒரு நாள், புருஷன் கடையில் அரம் போடுகிற சத்தம் கேட்கும்போது, சாவியைப் போட்டுத் திருப்பிவிட்டு மூன்று தடவை தட்டினாள். அந்தப் பக்கத்துத் தாழ்ப்பாள் உடனே நகர்ந்தது. தட்டுவாள் என்று ஓரகத்தியும் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

டாக்டர் பொண்டாட்டி கதை அன்றே முடிந்துவிட்டது. நடமாட்டம் முடியவில்லை. பிற்பகல் டியூட்டி இருக்கும் நாட்களில் காலையில் ஒரு நடை. உப்பு, ஊசி நூல், மாத்திரை, வம்பு, கண்ணீர் எல்லாம் அந்த வழியாகப் போய் வந்தன. ஓரகத்தி பொரித்த மீன் வந்தால் தானே பொரித்ததாகச் சொல்லிப் புருஷன் தட்டில் வைப்பாள் கண்டக்டரம்மா. அவரும் சாப்பிடுவார், ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஆம்பளைகளுக்கு நாக்கு எதற்கு இருக்கிறதோ என்று இவள் நினைத்துக்கொள்வாள். சாவி கண்டக்டர் பையின் உள்ளறையில், விசிலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நாளெல்லாம் கூட்டத்தில் இடிபடுகிற அந்த மனுஷிக்கு, ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்க இருந்த ஒரே ஆள் அந்த ஓரகத்திதான். பிள்ளை தங்காமல் போனபோது அவள் மடியில்தான் அழுதாள். புருஷனிடம் அதை அழவும் அவளுக்குத் தெரியவில்லை, கேட்கவும் அவருக்குத் தெரியவில்லை.

அப்புறம் வந்தது அந்தச் சூறாவளி. ரேடியோ இரண்டு நாளாகக் கத்தியது. பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். போலீஸ் ஜீப் தெருத் தெருவாக வந்து, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று மைக்கில் கெஞ்சியது.

"போயிடலாங்க. தகரக் கூரைய நம்பி இருக்க முடியுமா?" என்றாள்.

"பள்ளிக்கூடத்துப் பூட்டப் பாத்திருக்கியா நீ? ஈர்க்குச்சிய விட்டா திறந்துக்கும்."

"காத்து என்ன, கம்பிய வச்சுத் திறந்துக்கிட்டா வரப்போகுது?"

அவர் நகரவில்லை. அவள் அன்று காலையில்தான் நடுக்கதவு வழியாகப் போய் வந்திருந்தாள். அந்தப் பக்கமும் இதே பாட்டுத்தான். "அந்தப் பக்கம் இன்னும் விளக்கு எரியுது, நான் மட்டும் ஏன் ஓடணும்?" என்று பெரியவர் உட்கார்ந்துவிட்டாராம். ஆக அண்ணனைப் பார்த்துத் தம்பி, தம்பியைப் பார்த்து அண்ணன். நடுவில் இரண்டு பெண்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு.

மதியத்துக்கு முன்பே இருட்டிவிட்டது. காற்று முதலில் ஊளையிட்டது, பிறகு உறுமியது, பிறகு அதற்கு என்ன பெயர் சொல்வதென்றே தெரியாத ஒரு சத்தம் போட்டது. காது அடைத்துக்கொண்டது. மழை மேலிருந்து பெய்யவில்லை, பக்கவாட்டில் வந்து அடித்தது. நாக்கில் பட்டால் உப்புக் கரித்தது. பின்தெரு ஆறாகி வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது. கடைக்குள் தண்ணீர் புகுந்து சுத்தியல், உளி, பட்டறைப் பெட்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. தெருவில் தகரங்கள் கத்தி மாதிரி சுழன்று பறந்தன. கால் வைத்தால் கால் மிஞ்சாது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது போவதற்கு ஒரே வழிதான் மிச்சமிருந்தது. நடுக்கதவு.

பூட்டுக்காரர் அதன் முன்னால் குனிந்தார். சட்டைப்பையில் கிடந்த இரண்டு கம்பிகளை விட்டுக் கிண்ட ஆரம்பித்தார். அவள் டார்ச் பிடித்தாள்.

"உடைங்களேன்!" என்று காதில் கத்தினாள்.

"எதால உடைக்க? சாமான் எல்லாம் போச்சு! அப்பா போட்ட கதவு, தோள்ல இடிச்சா தோள்தான் போகும்!"

"அப்ப திறங்க!"

"இந்தப் பூட்ட எவனாலயும் திறக்க முடியாதுடி!" குரலில் பயம் பாதி, பெருமை பாதி.

"அத இப்பவா பீத்திக்கணும்?"

இரண்டு பேரும் கதவில் குத்தினார்கள், கூவினார்கள். காற்றில் ஒன்றும் அந்தப் பக்கம் போகவில்லை. "அண்ணன் வீட்ல ஆளு இருக்காங்களா, போயிட்டாங்களான்னே தெரியலையே" என்றார் அவர். ஒன்பது வருஷத்தில் அந்த வாயில் அண்ணன் என்ற சொல் வந்தது அன்றைக்குத்தான். இருக்காங்க, காலையில பாத்தேன் என்பது அவள் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

சாவி அவள் இடுப்பில் தொங்கிய பைக்குள் இருந்தது. கையை விட்டால் எடுத்துவிடலாம். எடுத்தால் என்ன ஆகும்? ஒரு பூனைக்காக ஒன்பது வருஷம் பேசாமல் இருந்த மனிதர் இவர். கட்டினவள் முதுகுக்குப் பின்னால் போய் வந்ததற்கு எத்தனை வருஷம் பேசாமல் இருப்பார்? அந்தச் சாவியையும் வாங்கிக் கால்வாயில் போடுவார். ஓரகத்தி அக்கா அந்தப் பக்கம், இவள் இந்தப் பக்கம். அப்புறம் இந்த வீட்டில் சுவரோடுதான் பேச வேண்டும். இன்னும் கொஞ்சம் பார்ப்போம், கம்பியில் திறந்துவிடுவார், சாவியைப் பற்றி யாருக்கும் தெரிய வேண்டாம். இப்படி நினைத்துக்கொண்டு டார்ச்சைப் பிடித்தபடி நின்றாள். தலைக்கு மேலே ஆணிகள் கட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்ளும்போது பன்றி கத்துகிற மாதிரி கேட்டது. ஒரு தகரம் போனது. அடுத்தது போனது. அவள் நின்றாள். பிறகு எத்தனையோ தடவை இந்தக் கதையைச் சொன்னபோதும், இந்த இடத்தில் மட்டும் அவள் குரல் இறங்கிவிடும்.

பிறகு கூரையின் குறுக்குக் கட்டையே விழுந்தது. கை மரத்துப்போய்ச் சின்னவர் ஓரடி பின்னால் நகர்ந்திருந்தார். அவர் குனிந்திருந்த இடத்தில் அது விழுந்து தண்ணீரைக் கூரை உயரத்துக்கு அடித்தது. கூரை உயரத்துக்கு என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், கூரைதான் இல்லையே.

அவள் பைக்குள் கையை விட்டாள். "இந்தாங்க" என்றாள்.

அவர் கையை மட்டும் நீட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை. ஏது, எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கினார், போட்டார், திருப்பினார். ஏழு லீவரும் சத்தமில்லாமல் விலகின. இனி அந்தப் பக்கத்துத் தாழ்ப்பாள். மூன்று தட்டு தட்டினால் இந்தக் காற்றில் யாருக்குக் கேட்கும்? அவள் விசிலை எடுத்து வாயில் வைத்து, இரட்டை விசில் ஊதினாள். நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினாள். பஸ் கிளம்பலாம் என்பதற்கு ஊதுகிற விசில் அது. தாழ்ப்பாள் நகர்ந்தது.

அந்தப் பக்கம் ஓரகத்தியும், அவளுக்குப் பின்னால் பேயைப் பார்த்த மாதிரி பெரியவரும் நின்றார்கள். யாரும் கட்டிப்பிடிக்கவில்லை. "வா வா வா" என்று ஓரகத்தி இரண்டு பேரையும் இழுத்துப் போட்டாள். காங்கிரீட் வீட்டிலும் ஜன்னல்கள் எல்லாம் நொறுங்கியிருந்தன. மிச்சமிருந்த பத்திரமான இடம் குளியலறை ஒன்றுதான். நாலு பேரும் முட்டியோடு முட்டி இடிக்க அதற்குள் உட்கார்ந்தார்கள். பெரியவருக்குக் கிடைத்தது கவிழ்த்த வாளி. சின்னவருக்கு அதுவும் இல்லை.

அண்ணன் குழாயைப் பார்த்தார், தம்பி சோப்பைப் பார்த்தார். கடைசியில் பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"ஒன் பூட்டுதானே அது?"

"ம்."

"திறந்துடுச்சுபோல."

"ம்."

"அன்னிக்கே சொன்னேன். பூனைகூடத் திறக்கும்னு."

ஓரகத்தி கையிலிருந்த குவளையாலேயே அவர் மண்டையில் ஒன்று வைத்தாள். சின்னவர் விருட்டென்று எழுந்து சூறாவளிக்குள் நடக்கப் பார்த்தார். கண்டக்டரம்மா அவர் சட்டையை எட்டிப் பிடித்துத் தரையில் உட்கார வைத்தாள். "ஒழுங்கா உக்காருங்க ரெண்டு பேரும்! ஊரே பறக்குது, இங்க பூனைக் கதை!" அதட்டல் பஸ் அதட்டல். அப்புறம் காற்று ஓயும்வரை இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

விடிந்ததும் வெளியே வந்து பார்த்தார்கள். வானம் கழுவிவிட்டாற்போல் ஒன்றும் அறியாத முகத்தோடு இருந்தது. மரங்களில் ஒரு இலை இல்லை. இலையெல்லாம் அரைபட்டுச் சுவர்களில் பச்சையாக அப்பியிருந்தது. சின்னவர் வீட்டில் கூரை இல்லை, பக்கச் சுவர் இரண்டும் இல்லை. ஆனால் வாசற்கதவு மட்டும் சட்டத்தோடு நிமிர்ந்து நின்றது, பூட்டின பூட்டோடு. சின்னவர் சாவியைத் தேடி எடுத்து அதைத் திறந்துகொண்டுதான் உள்ளே போனார். பக்கத்தில் சுவரே இல்லாதபோது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. "பாத்தியா, அசையல" என்றார். அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

பெரியவரின் கவனம் வேறு இடத்தில் இருந்தது. அவர் நடுக்கதவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பூட்டைத் தடவிக்கொண்டிருந்தார். சாவித் துளையில் விரலை வைத்து எடுத்து முகர்ந்தார்.

"டேய். ஒன்பது வருஷமா உப்புக் காத்துல கெடந்த பூட்டு. துரு ஏறி இறுகியிருக்கணும். எண்ணெய்ல ஊறிக் கெடக்கு. யாரு போட்டா?"

பெண்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்பது வருஷத்தில் அந்தப் பூட்டுக்கு எண்ணெய் என்று ஒன்று வேண்டும் என்பதே அவர்களுக்குத் தோன்றியதில்லை. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மூன்று பேருமே சின்னவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தில் ஈயாடவில்லை மனிதருக்கு.

"இவங்க ரெண்டு பேரும் இந்த வழியா போயிட்டு வந்துட்டிருந்தாங்களா?" என்று பெரியவர் கேட்டார். "எனக்குத் தெரியாம என் வீட்ல என்னதான் நடக்குது?" அவருக்குப் பதில் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை.

"ஒங்களுக்குத் தெரியுமா?" என்றாள் கண்டக்டரம்மா. "என்கிட்ட சாவி இருக்குன்னு தெரிஞ்சேதான் கம்பிய விட்டுக் கிண்டிக்கிட்டிருந்தீங்களா?"

"நீயா எடுப்பேன்னு பாத்தேன்."

"வாயத் திறந்து கேட்டிருக்கலாம்ல? அந்தக் கட்டை ஒங்க தலையில விழுந்திருந்தா?"

"கேட்டா எனக்குத் தெரியும்னு ஆயிடுமேடி. தெரிஞ்சப்புறம் நான் கோவப்பட்டாகணும். கோவப்பட்டா நீ போறத நிறுத்திடுவ."

"நிறுத்தட்டுமே! ஒங்களுக்கென்ன நட்டம்?"

அவர் சேற்றைக் காலால் கீறிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"போயிட்டு வந்து அடுப்படியில நீயா பேசிக்குவ. பக்கத்து வீட்ல விடிய விடிய இருமுறாங்க, தூங்க முடியலன்னு. இன்னிக்கு இருமல் கொஞ்சம் தேவலைன்னு. வேற யார்கிட்ட போய்க் கேப்பேன் நான்?"

அடுப்படிப் பேச்சு, அவள் தன் களவை மறைக்கப் பூசி மெழுகிய பேச்சு. அக்கா சொன்னதெல்லாம் வாய்தவறி வந்துவிடப் போகிறதே என்று, சுவர் வழியாகக் கேட்டதுபோலப் புலம்பி வைப்பாள். அதற்கு ஒருத்தர் ஒன்பது வருஷம் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். நேற்று அவரும் கேட்காமல், அவளும் கொடுக்காமல், இரண்டு பேருமாகச் சேர்ந்து சாகப் பார்த்தது அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. கூரை போனதற்கு அழாதவள், தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். அழுதுகொண்டே அவரைக் கண்டபடி திட்டினாள், தன்னையும் திட்டிக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை.

பெரியவர் பூட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"இருமல் இப்ப இல்லடா" என்றார். "போன மழையோட நின்னுபோச்சு."